மருந்துக்கும் காவல் வேண்டும்

கஞ்சா என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் மனத்தில் எழுவது போலீஸ் வழக்கும் சிறைவாசமுமே. அது தவறும் அன்று. தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன், மாணவர்கள் கேட்கும் வானொலியில் அச் செடியின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சற்றுக் கூசத்தான் செய்கிறான். ஆயினும், அதே செடியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை, குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு நோய்க்கு மருந்தாக 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. மறு ஆண்டு ஐரோப்பாவும் அதனை ஏற்றுக்கொண்டது. செடி மருந்தான கதை சுவையானது. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் விரிவாகச் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கதை. மருந்து என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதனை எவ்வாறு காவல் காக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மூளையிலுள்ள நரம்பணுக்கள் சிறு சிறு மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒழுங்கான வகுப்பில் ஒருவன் பேச மற்றவர் கேட்பதுபோல, மூளையிலும் ஒரு முறை இருக்கிறது. எல்லா மாணவரும் திடீரென்று ஒரே குரலில் கத்தத் தொடங்கினால் வகுப்பு என்ன ஆகும்? நரம்பணுக்கள் அவ்வாறு ஒரே வேளையில் துடிப்பதே வலிப்பு. வலிப்பு வந்தவன் கையில் சாவிக் கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அதனால் பயன் ஏதும் இல்லை. வலிப்பு சில நிமிடங்களில் தானே அடங்குவதைக் கண்டு, இரும்பு அடக்கிற்று என்று எண்ணிவிடுகிறோம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே செய்யத்தக்கது.

முறையாக மருந்துண்டால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எஞ்சியவர்களின் நிலைதான் துயரமானது. டிராவே என்னும் பிரெஞ்சு மருத்துவ அம்மையார் 1978இல் விளக்கிய ஒரு வகை நோயில், ஒரு வயது நிரம்புமுன்பே, பெரும்பாலும் காய்ச்சலோடு சேர்ந்து, நீண்ட வலிப்பு வருகிறது. பின்னர் அது விடுவதில்லை. லெனாக்ஸ்-கஸ்டோ என்று இரு மருத்துவர்களின் பெயரால் வழங்கும் மற்றொரு வகையில், நின்றுகொண்டிருக்கும் குழந்தை வெட்டிய மரம்போலத் தடாலென்று விழும். தலை உடையாமலிருக்க அக் குழந்தைகளுக்குக் கவசத் தொப்பி அணிவிப்பதுண்டு. இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும் அடங்காத நோய்கள் இவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: புதிய மருந்து எதுவாயினும், அது இக் குழந்தைகளின் வயிற்றில் தனியே போய்ச் சேருவதில்லை, பழைய மருந்துகளோடு சேர்ந்தே போகிறது.

இக் கதையின் முதல் அதிகாரம் நம் நாட்டிலேயே நடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானஸி என்னும் ஐரிஷ்காரர், 1839இல் கஞ்சாவைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் இவரே. இவர் முதலில் நாய் முதலிய பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகே மனிதருக்குக் கொடுத்தார். நாற்பதே நாளான ஒரு குழந்தைக்கு இடைவிடாத வலிப்பு. அதற்குக் கஞ்சாச் சாராயக் கரைசலைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார். முதலில் பயன் தெரியவில்லை. அளவைக் கூட்டினார், குழந்தை ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தது, பிறகு தேறியது. இதனைப் படிக்கும்போது மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன. எத்தனை சொட்டில் குணம், எத்தனை சொட்டில் கேடு என்பதை அந்தக் குழந்தையின் உடம்பிலேயே கண்டறிய வேண்டியிருந்தது அல்லவா? ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1890இல், ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் லான்செட் பத்திரிகையில் எழுதியபோதும் இதே குறையைத்தான் சுட்டினார். ஒரு கடைச் சரக்கின் வீரியம் மற்றொரு கடைச் சரக்குக்கு இல்லை. செடிக்குச் செடி மாறும் பொருளை அளந்து கொடுப்பது எங்ஙனம்? 1912இல் பினோபார்பிடோனும், 1938இல் பெனிட்டாயினும் வலிப்புக்கு வந்த பிறகு, கஞ்சாவை மருத்துவர்கள் மறந்தே போயினர்.

மீண்டும் வழி திறந்தது ரசாயன சாஸ்திரத்தால். அச் செடியிலிருந்து கன்னாபிடியால் என்னும் பொருளை அமெரிக்கரான ரோஜர் ஆடம்ஸ் 1940இல் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை இஸ்ரேல் நாட்டு ரஃபேல் மெஷூலம் 1963இல் கண்டறிந்தார். போதை தரும் டெட்ரா ஹைட்ரோ கன்னாபினாலின் அமைப்பு அடுத்த ஆண்டு வெளியாயிற்று. ஒரே செடியில் இருக்கும் இவ்விரண்டில் முன்னது போதை தருவதில்லை. ஆகவே, அதனை மட்டும் தூயதாக எடுத்து அளந்து கொடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1980இல் பிரேஸில் நாட்டில் எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் நால்வருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது. எனினும் அதன் பிறகு நெடுங்காலம் பெரிய முயற்சி நடைபெறவில்லை. 2013இல் ஒரு சிறுமி கஞ்சா எண்ணெயினால் வலிப்புக் குறைந்து நடமாடுவதை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டவே, பல குடும்பங்கள் வீடு வாசலை விட்டு அந்த எண்ணெய் கிடைக்கும் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தன. அத் தாய் தந்தையரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் முறையான சோதனை வந்தது. 2017இல் வெளியான சோதனையில் டிராவே நோயுள்ள 120 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கன்னாபிடியால். மற்றதற்குப் பார்வைக்கும் சுவைக்கும் அதனையே ஒத்த வெறும் திரவம். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. வீட்டிலுள்ளோர் நாள்தோறும் வலிப்பின் எண்ணிக்கையைத் தொலைபேசி வழியே பதிவு செய்தனர். பதினான்கு வாரம் நடந்தது. மருந்துண்டவர்களுக்கு மாதம் ஏறத்தாழ 12 ஆக இருந்த வலிப்பு 6 ஆகக் குறைந்தது; மற்றவர்களுக்கு 15இலிருந்து 14 ஆயிற்று. இதனை மாயம் என்று சொல்ல முடியாது. மருந்து என்று சொல்லலாம். பாதியாயிற்று, நின்றுவிடவில்லை. ஆயின் மாதம் பன்னிரண்டு முறை குழந்தையைத் தரையிலிருந்து தூக்கும் தாய்க்கு, ஆறு என்பது சிறிய எண்ணன்று.

இனிக் காவலுக்கு வருவோம். அதே சோதனையில், மருந்துண்டவர்களில் 12 பேருடைய இரத்தத்தில் கல்லீரல் நொதிகள் மிகுந்திருந்தன. அந்தப் பன்னிருவரும் வால்ப்ரோயேட் என்னும் பழைய வலிப்பு மருந்தையும் சேர்த்து உண்டவர்கள்! நொதி மிகுதல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நெல் கிடங்கின் வாசலில் நெல்மணிகள் சிதறிக் கிடக்கக் கண்டால், உள்ளே மூட்டை எங்கோ கிழிந்திருக்கிறது என்று அறிகிறோம். கல்லீரல் அணுக்களுக்குள் இருக்கவேண்டிய நொதிகள் இரத்தத்தில் வழிந்து காணப்படுவதும் அவ்வாறே. கல்லீரல் எளிதில் முறையிடாத உறுப்பு. கண் மஞ்சளாகும் வரையில் குழந்தைக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆகையால் வாசலில் மணி சிதறுகிறதா என்று நாமே போய்ப் பார்க்கவேண்டும்.

2018இல் அனுமதியோடு அமெரிக்காவில் வெளியிட்ட மருந்துக் குறிப்பில் இக் கணக்கு விவரமாக இருக்கிறது. சோதனைகளில் மருந்துண்டவர்களுள் நூற்றுக்கு 13 பேருக்கு நொதி இயல்பின் உச்ச அளவைப்போல் மும்மடங்குக்கு மேல் ஏறியது. வெறும் திரவம் உண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே ஏறியது. இதையே பிரித்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். வால்ப்ரோயேட்டும் குளோபசாம் என்ற மருந்தும் உடன் உண்டவர்களுக்கு நூற்றுக்கு 30. வால்ப்ரோயேட் மட்டும் உடன் உண்டவர்களுக்கு 21. குளோபசாம் மட்டுமாயின் 4. இரண்டும் இல்லையெனில் 3. புள்ளிவிவரத்தில் சராசரி என்ற ஒன்றை மட்டும் படித்துவிட்டு நிற்கக்கூடாது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 13 என்ற சராசரிக்குள் 3உம் 30உம் ஒளிந்துகொண்டிருந்தன.

இதனால் ஏற்பட்ட விதி இது. மருந்து தொடங்குமுன் ஒருமுறை இரத்தம் எடுத்து நொதிகளையும், பிலிருபின் என்னும் பித்த நிறப்பொருளையும் பார்க்கவேண்டும். பிறகு முதல் மாத முடிவிலும், மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் பார்க்கவேண்டும். வால்ப்ரோயேட் உண்பவர்களுக்கு இன்னும் அடிக்கடி பார்த்தல் நலம். ஏனெனில் பெரும்பாலான ஏற்றங்கள் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நிகழ்ந்தன. நொதி மும்மடங்கைத் தாண்டி, பிலிருபினும் இரு மடங்கைத் தாண்டினால் மருந்தை நிறுத்திவிடவேண்டும். நொதி ஐந்து மடங்குக்கு மேல் ஏறி இறங்காமலே நின்றாலும் அப்படியே. ஏற்றம் கண்டவர்களில் சுமார் மூன்றில் இரு பங்கினருக்கு, கன்னாபிடியாலையோ வால்ப்ரோயேட்டையோ குறைத்ததும் அல்லது கன்னாபிடியாலை நிறுத்தியதும் சரியாயிற்று. மூன்றில் ஒரு பங்கினருக்கு, அளவைக் குறைக்காமலே, தானாகவே இறங்கிற்று. எனவே எண் ஏறியவுடன் அஞ்சி ஓடவேண்டியதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மருந்தின் அளவும் இப்படிப் படிப்படியாகவே ஏறும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று தொடங்கி, ஒரு வாரம் சென்றபின் 10 ஆக்குவர். தேவையும் தாங்கும் சக்தியும் இருந்தால் 20 வரை போவர். மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட கரைசல். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் வாரம் நாளைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று, அதையும் காலை மாலை எனப் பாதி பாதியாக. கரைசலில் சேர்ந்திருப்பது நம் நல்லெண்ணெய்தான். எள் ஒவ்வாதவர்களுக்கு இதனைக் கொடுக்கலாகாது. கொழுப்பு மிகுந்த உணவோடு உண்டால் உடம்பில் ஏறும் மருந்து பன்மடங்காகிறது. ஆதலால் தினமும் உணவோடு என்றால் உணவோடு, வெறும் வயிற்றில் என்றால் வெறும் வயிற்றில், ஒரே முறையாக உண்ணவேண்டும்.

அடுத்தது தூக்கம். குளோபசாம் உடன் உண்டவர்களில் நூற்றுக்கு 46 பேருக்குத் தூக்க மயக்கம் கண்டது. உண்ணாதவர்களில் 16 பேருக்கே. காரணம் இது. குளோபசாம் கல்லீரலில் வேறொரு பொருளாக மாறுகிறது. அப் பொருளும் வீரியமுடையதே. அதனை உடம்பிலிருந்து வெளியேற்ற ஒரு நொதி வேலை செய்கிறது. ரயில் நிலையத்தின் வெளிவாசலில் ஒரே ஒரு டிக்கெட் பரிசோதகர் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கன்னாபிடியால் அவரைப் பிடித்து நிறுத்திப் பேச்சுக் கொடுத்துவிடுகிறது. வெளியேற வேண்டிய கூட்டம் உள்ளே தேங்குகிறது. அப் பொருளின் அளவு ஏறத்தாழ மும்மடங்காகிறது. குழந்தை தூங்கி வழிகிறது. அப்படியானால் வலிப்புக் குறைந்தது கன்னாபிடியாலினாலா, தேங்கிய குளோபசாமினாலா என்று சிலர் கேட்டனர். நல்ல கேள்வி. ஐரோப்பியர் 2019இல் இவ்விரு நோய்களுக்கும் அனுமதி தந்தபோது, குளோபசாமோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று வரையறுத்தனர். அமெரிக்கர் அவ்வாறு வரையறுக்கவில்லை. ஒரே சான்றைப் பார்த்து இரு அறிஞர் குழுக்கள் இருவேறு முடிவுக்கு வருவது விஞ்ஞானத்தில் புதிதன்று.

46 என்ற இந்த எண்ணைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு மாணவன் நினைவு வருகிறது. நான் உதவியாசிரியனாக இருந்த காலம். ஒன்பதாம் வகுப்பில், நன்றாகக் கணக்குப் போடும் பையன் ஒருவன், ஒரு மாதமாக முதல் மணியிலேயே தூங்கி விழத் தொடங்கினான். இரண்டு நாள் எச்சரித்தேன். மூன்றாம் நாள் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தினேன். பத்து நாள் கழித்து அவனுடைய தாயார் மருந்துச் சீட்டோடு வந்தார். வலிப்புக்காக அவன் உண்டுவந்த பினோபார்பிடோனின் அளவை முந்திய மாதம்தான் கூட்டியிருந்தார்கள். “மாற்றம் ஏதாவது தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார் ஐயா, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். இராத்திரி சீக்கிரம் தூங்குகிறான், படித்த களைப்பு என்று நினைத்தேன்” என்றார் அந்த அம்மையார். மாற்றத்தை நாள்தோறும் கண்ணால் கண்டவன் நான் ஒருவனே. கண்டதை நான் குற்றப் பட்டியலில் எழுதினேன்; மருத்துவரிடம் போகவேண்டிய செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. அளவைக் குறைத்தார்கள், பையன் விழித்துக்கொண்டான். ஆயின் அதன் பிறகு என் வகுப்பில் அவன் கை உயர்த்தி விடை சொன்னதே இல்லை.

செடியிலிருந்து வந்தது ஆகையால் கேடில்லை என்று எண்ணி, இணையத்தில் விற்கும் எண்ணெய்ப் புட்டிகளை வாங்குவோர் இன்று பல நாடுகளிலும் உண்டு. 2017இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், இணையத்தில் விற்ற 84 கன்னாபிடியால் பொருள்களை வாங்கிச் சோதித்தனர். சீட்டில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்திருந்தவை நூற்றுக்கு 31 மட்டுமே. 18 புட்டிகளில் போதை தரும் பொருளும் கலந்திருந்தது. ஓஷானஸி காலத்துத் தொல்லை புதுச் சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வந்துவிட்டது எனலாம். புட்டியில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது, நொதி ஏறினால் எதனால் ஏறிற்று என்று எவ்வாறு சொல்வது? இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. புது எண்ணெயை நம்பிப் பழைய மருந்தை ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். கன்னாபிடியாலுக்கும் இதே விதிதான்; நிறுத்துவதாயினும் மருத்துவர் சொற்படி மெல்ல மெல்லவே நிறுத்தவேண்டும்.

சோதனை முடிந்து அனுமதியும் கிடைத்த பிறகு காவல் எதற்கு என்று கல்லூரி மாணவர் கேட்கலாம். கணக்கு விடை சொல்லும். 300 பேருக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட தீங்கு ஒருவருக்கும் நேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் அத் தீங்கே இல்லை என்று துணிய முடியுமா? நூற்றில் ஒருவருக்கு மேல் நேராது என்றுதான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு, பதினாயிரத்தில் ஒருவருக்கு நேர்வது, ஆயிரக்கணக்கானோர் உண்ட பிறகே தெரியவரும். மேலும், பதினான்கு வாரச் சோதனை பதினான்கு ஆண்டைப் பற்றி என்ன சொல்லும்? இக் குழந்தைகளோ ஆண்டுக்கணக்கில் உண்ணப் போகிறவர்கள்.

இப் பாடத்தை உலகம் கற்ற விதம் கொடியது. தாலிடமைடு என்னும் தூக்க மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் அதனை உண்டதால் கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 இறுதியில் ஜெர்மனியில் ஒரு மருத்துவரும் ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவரும் தனித்தனியே இதனைச் சுட்டிக்காட்டிய பின்னரே மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன் விளைவாகவே, மருத்துவர் தம் ஐயத்தை எழுதி அனுப்பும் மஞ்சள் அட்டை முறை 1964இல் பிரிட்டனில் பிறந்தது. 1968இல் உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளின் குறிப்புகளை ஒன்றுசேர்க்கத் தொடங்கியது; 1978 முதல் ஸ்வீடனிலுள்ள உப்சாலா நகரில் அப் பணி நடைபெறுகிறது. நம் நாட்டில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. மறு ஆண்டு முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதனை நடத்துகிறது.

அனுமதிக்குப் பிந்திய காவல் சும்மா இருப்பதில்லை என்பதற்கு இதே மருந்து சான்று. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் உண்ணும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் அளவையும் கன்னாபிடியால் இரத்தத்தில் உயர்த்துகிறது என்ற எச்சரிக்கை பின்னரே குறிப்பில் சேர்ந்தது. நோயே இல்லாதவர்கள் உண்டால் என்ன ஆகும் என்பதையும் சோதித்தார்கள். 2025இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆரோக்கியமான வயதுவந்தோர் சுமார் இருநூறு பேரில் பெரும்பாலோருக்குக் கன்னாபிடியாலையும் எஞ்சியோருக்கு வெறும் திரவத்தையும் நான்கு வாரம் கொடுத்தனர். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற தொடக்க அளவுதான். வேறு மருந்தும் இல்லை. அப்படியிருந்தும் கன்னாபிடியால் உண்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு நொதி மும்மடங்கைத் தாண்டியது. வெறும் திரவம் உண்டவர்களில் ஒருவருக்கும் தாண்டவில்லை.

ஐயத்தை எழுதி அனுப்புவதற்கு மருத்துவராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பொதுமக்களுக்கென்றே நம் நாட்டுத் திட்டத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அது தமிழிலும் உண்டு. அதில் முக்கியமாக வேண்டுவன நான்கே செய்திகள்: உண்டவர் யார், எந்த மருந்து, என்ன நேர்ந்தது, எழுதுபவர் யார். உண்டவரின் பெயரை முழுமையாக எழுதவேண்டியதில்லை, முதலெழுத்துக்கள் போதும். மருந்தினால்தான் நேர்ந்தது என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. அவ்வாறு இருக்கலாமோ என்ற ஐயம் போதும். மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கென மையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்த தாள் காஜியாபாத்துக்குப் போய், அங்கிருந்து உப்சாலாவுக்குப் போய், அதே மருந்தைப் பற்றி வேறு நாட்டில் வேறு எவரோ எழுதிய தாளோடு வைத்துப் பார்க்கப்படுகிறது.